கடைத்தெருவோர மகிழமரம்: வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சாலையை அகலப்படுத்தும் வேலையோ கால்வாய்ச் சீரமைப்போ தொடங்கும்போதெல்லாம், ஓரத்தில் நிற்கும் மரங்களைப் பற்றிய பேச்சும் கூடவே தொடங்கிவிடுகிறது. கடைவரிசைக்கு எதிரே, கோயில் மதிலை ஒட்டி, பள்ளி வாசலில் என்று பல இடங்களில் நிற்பது கரும்பச்சை இலைகளும் குடை போன்ற தலையும் கொண்ட ஒரு மரம். 'அது தஞ்சோங் மரம், மலாய்க்காரர்கள் வளர்ப்பது' என்கிறார் ஒருவர். 'ஊராட்சி மன்றம் அழகுக்கு நட்டது, பயன் ஒன்றும் கிடையாது' என்கிறார் இன்னொருவர். 'பட்டையை உரித்து வைத்துக்கொள்ளுங்கள், பல்வலிக்குக் கைகண்ட மருந்து' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 'வேர் மதிலைப் பிளந்துவிடும், இப்போதே வெட்டிவிட வேண்டும்' என்று கோயில் கூட்டத்தில் ஒரு குரல் எழுகிறது.

இந்தப் பேச்சுகளில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எதுவும் முழுமையாக இல்லை. அந்த மரம் மகிழமரம். தமிழ்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்பதும், சங்கப் பாடலில் வகுளம் என்று வருவதும், மலேசிய நகரங்களில் தஞ்சோங் என்ற பெயரில் நிழல் தருவதும் ஒரே மரம்தான். அது எப்படி வளர்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எதனால் சாகிறது என்பது தெரிந்தால் வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தானாகவே தெளிவாகும்.

முதலில் அடையாளம்

தாவரவியலில் இதன் பெயர் மிமுசோப்ஸ் எலெங்கி. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். 'எலெங்கி' என்பது கேரளக் கரையில் மக்கள் இம்மரத்தை அழைக்கும் 'இலஞ்சி'. கண்ணால் பார்த்து உறுதிசெய்ய ஐந்து குறிகள் போதும்.

1. இலை: ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த தனி இலைகள். பளபளப்பான கரும்பச்சை நிறம், கூரிய நுனி, லேசாக அலை அலையாக நெளியும் விளிம்பு.
2. பூ: 5 சென் காசு அளவுள்ள வெண்மஞ்சள் நட்சத்திரம். நல்ல மணம். விடியற்காலையில் மரத்தடியில் சிதறிக் கிடக்கும்.
3. பழம்: முட்டை வடிவில் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம். பச்சையிலிருந்து ஆரஞ்சுச் சிவப்பாக மாறும். உள்ளே மாவுபோன்ற மஞ்சள் சதை, பெரும்பாலும் ஒரே ஒரு பழுப்பு விதை.
4. பால்: காயையோ இளங்கிளையையோ கீறினால் வெள்ளைப் பால் கசியும்.
5. பட்டை: கரும்பழுப்பு நிறம், மேலிருந்து கீழாக வெடிப்புகள்.

நான்காவது குறியை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வாரிங்கின் என்று இங்கே அழைக்கப்படும் ஆலினத்து மரத்துக்கும் பால் உண்டு, பளபளப்பான இலையும் உண்டு. அதுவும் அழகுக்காகவே நடப்படுகிறது. ஆனால் அதன் கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்கும், நட்சத்திரப் பூ அதில் இருக்காது. மதிலைப் பிளக்கிறது, சாக்கடையைத் தூக்குகிறது என்று மகிழமரத்தின் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி, உண்மையில் வாரிங்கின் மரத்தைச் சேர்ந்தது. தப்பாக அடையாளம் கண்டு நல்ல மரத்தைச் சாய்த்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் வேலை, தரையில் பூ கிடக்கிறதா என்று காலையில் போய்ப் பார்ப்பது.

பசுமை மாறாத மரம் என்றால்

மகிழமரம் பசுமை மாறா இனம். இதற்கு இலையே உதிராது என்று பொருள் கொள்ளக் கூடாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை முழுவதையும் உதிர்த்து மொட்டையாக நிற்கும், பிறகு ஒரே சமயத்தில் துளிர்க்கும். அந்த நாட்களில் பால் குறையும், பால் வெட்டுக்குப் போகிறவர்களின் வருமானமும் குறையும். கித்தாக் காட்டில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரிந்த பருவம். மகிழமரம் அப்படி ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. முதிர்ந்த இலைகள் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விழ, புது இலைகள் இடையறாமல் வந்துகொண்டே இருக்கும். மரம் ஒருநாளும் மொட்டையாகாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, நிழல் பன்னிரண்டு மாதமும் உண்டு. இரண்டு, இலைக்குப்பை ஒரே வாரத்தில் குவிந்து கால்வாயை அடைப்பதில்லை. நகரங்களுக்கு இந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

பூவின் அமைப்பு

மகிழம்பூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அதன் நடுவில் ஓர் ஓட்டை தெரியும். ஊசி இல்லாமல், நாரை அந்த ஓட்டை வழியே விட்டே மாலை கோத்துவிடலாம். வேறு பூக்களில் காம்பைக் கட்டித் தொடுக்கிறோம். மகிழம்பூவுக்கு அது தேவையில்லை.

ஓட்டை எப்படி வந்தது? இதழ்கள் அனைத்தும் அடியில் ஒன்றாக ஒட்டி வளையம்போல் அமைந்திருக்கின்றன. அடிப்படையில் எட்டு இதழ்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு துணை இதழ்கள். அதனால்தான் பார்வைக்கு இருபத்து நான்கு கூரிய மடல்கள் தெரிகின்றன. மகரந்தத் தாள்களும் அந்த வளையத்தோடு ஒட்டியவை. பூவின் வேலை முடிந்ததும் வளையம் முழுவதும் கழன்று கீழே விழுகிறது. சூலகமும், துருநிற மயிர் படர்ந்த புறவிதழ்களும் மரத்திலேயே தங்கிவிடுகின்றன. சூலகம் இருந்த இடம்தான் நாம் காணும் ஓட்டை. காயாக வேண்டிய பகுதி மேலே கிளையில் பத்திரமாக இருக்கிறது.

இதனால்தான் விழுந்த மகிழம்பூவை எவ்வளவு பொறுக்கினாலும் காய்ப்பு குறையாது. பறவைக்கும் வௌவாலுக்கும் பழம் கிடைக்கும், மனிதருக்கும் மாலை கிடைக்கும். தரையில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்ற பொதுவழக்கத்திலிருந்து பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் விலக்கு தருவதைப் பல ஊர்களில் காணலாம். பறிப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடும் பூவுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது.

உலர்ந்த பிறகும் மணம் போகாதது இந்தப் பூவின் இன்னொரு சிறப்பு. மல்லிகை மறுநாள் கருகிவிடும், மகிழம்பூ பழுப்பாகக் காய்ந்த பின்னும் மணக்கும். சேலைப் பெட்டியில் போட்டுவைக்கும் வழக்கம் அப்படி வந்தது. வட இந்தியாவில் இதிலிருந்து அத்தர் வடிக்கிறார்கள்.

மலாயா மண்ணுக்கும் இது சொந்தம்

'இது தமிழ்நாட்டிலிருந்து வந்ததா, இங்கேயே இருந்ததா?' என்ற கேள்விக்கு விடை, இரு கரையிலும் இது இயற்கையாக வளர்கிறது என்பது. இந்தியா, இலங்கை, மியன்மார் தொடங்கி மலாய்த் தீபகற்பம் வழியாக வடக்கு ஆஸ்திரேலியா வரை இதன் இயற்கைப் பரப்பு நீள்கிறது. மலாய்க் கரையோரப் பாறைகளிலும் கடற்கரைக் காடுகளிலும் இது தானாக முளைத்து வளர்ந்திருக்கிறது. உப்புக்காற்றையும் ஏழை மண்ணையும் தாங்கும் திறன் அங்கிருந்து வந்ததுதான். நம் முன்னோர் கப்பலேறி வருவதற்கு முன்பே இந்த மரம் இங்கே இருந்தது. தோட்டத்துக் கோயிலில் அதை நட்டவர்கள் ஊரின் நினைவாக ஒரு மரத்தைத் தேடியிருந்தால், அது இந்த மண்ணிலேயே காத்திருந்தது என்று சொல்லலாம்.

குடும்ப உறவுகளும் கவனிக்கத்தக்கவை. சப்போட்டாவும் இலுப்பையும் மகிழத்தின் நெருங்கிய உறவினர்கள். மலாயாவின் வரலாற்றில் பெரிய பங்காற்றிய தாபான் மரமும் இதே குடும்பம். கட்டாபெர்ச்சா என்ற இறுகிய பால் அந்த மரத்திலிருந்து கிடைத்தது. 1843இல் அதன் மாதிரிகள் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போயின. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறை. உலகம் முழுவதும் தந்திக் கம்பிகள் பரவப் பரவ, பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்திலிருந்து கிடைத்த பாலோ சொற்பம். எண்ணற்ற தாபான் மரங்கள் அப்படி அழிந்தன. பல் மருத்துவர்கள் வேர்க் குழாயை அடைப்பதற்கு இன்றும் கட்டாபெர்ச்சாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மகிழம்பட்டை ஈறுக்கு, தாபான் பால் பல்வேருக்கு என்று இந்தக் குடும்பத்துக்கும் மனிதரின் வாய்க்கும் ஏதோ ஒரு பழைய தொடர்பு.

ரப்பர் மரத்தின் கதை வேறு. அது பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி. 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த நாற்றுகளில் சிலவற்றை, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது அடுத்த ஊர். வந்தேறிய மரத்துக்கு இந்த மரியாதை நியாயமானதுதான், அதை நம்பித்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. ஆனால் இந்த மண்ணுக்கே உரிய மகிழமரத்தின் உடம்பில் வீட்டுவாடகை விளம்பரத்தை ஆணியடித்து மாட்டுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் மரபில் மகிழம்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களின் வரிசையில் வகுளம் இருக்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று பெயர். அவருடைய மார்பில் மகிழம்பூ மாலை. திருவண்ணாமலையில் தலவிருட்சம் மகிழம்.

கதைகளில் அழகானது திருவொற்றியூர்க் கதை. சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியத்தைச் சந்நிதியில் செய்தால் மீறமுடியாது என்று நினைக்கும் சுந்தரர், அந்த நேரத்துக்கு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடம் முன்னதாகவே வேண்டிக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். பின்னாளில் அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வையை இழக்கிறார். அந்த நிகழ்ச்சியை நினைத்து மாசித் திருவிழாவில் அங்கே மகிழடி சேவை நடக்கிறது. ஒரு மரம் சாட்சியாக நிற்கும் இடம் இது. தோட்டத்துக் கோயில்களிலும் பஞ்சாயத்து மரத்தடியில்தான் கூடியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள்.

திருக்கண்ணங்குடிக்கு ஒரு பழைய வழக்கு உண்டு: 'உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தோலா வழக்கு.' திருமங்கையாழ்வாரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த வரியில் காய்க்காத மகிழமரம் ஓர் அதிசயமாக வருகிறது. மகிழமரம் காய்க்கும் என்பது எல்லாரும் அறிந்த செய்தி என்றால்தானே காயாதது அதிசயமாகும்? இன்று நம் நகரங்களில் காயாத மகிழ்கள் நிறையவே உண்டு. அங்கே ஆழ்வாரின் சொல்லுக்கு வேலையில்லை. ஆண்டுதோறும் கிளைநுனிகளை மழித்துவிடுகிறோம், பூ வரவேண்டிய கிளையே இல்லாமல் போய்விடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

சமையலறையிலும் இந்தப் பூ இருக்கிறது. தீபாவளிக்குப் பிழியும் மகிழம்பூ முறுக்கு அதன் கூர்மடல் வடிவைப் பார்த்து வைத்த பெயர். முறுக்கைத் தின்று வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பூ தங்கள் பள்ளி வாசலில் உதிர்ந்து கிடப்பது தெரியும்? பாட்டிமார்கள் ஒருமுறை கையில் எடுத்துக் காட்டிவிட்டால் போதும்.

மலாய் மரபிலும் இந்தப் பூவுக்கு நெருங்கிய இடம் உண்டு. பெண்கள் கூந்தலில் சூடினார்கள், துணிகளுக்கு மணமூட்ட வைத்தார்கள். பக்கத்து வீட்டு மக்சிக்கும் நம் வீட்டு அத்தைக்கும் பெட்டிக்குள் ஒரே பூதான் மணந்திருக்கிறது. ஆகவே 'அவர்கள் மரம், நம் மரம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

மரக்கட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கனமானது, கடினமானது, செம்பழுப்பு நிறம். தூண், உலக்கை, கருவிப்பிடி, படகின் பாகங்கள் எனப் பயன்பட்டது. மெதுவாக வளரும் மரம் என்பதால் கட்டைக்காக இதை வளர்ப்பது இன்று கட்டுப்படியாகாது.

பட்டை மருந்து: எது உண்மை, எங்கே ஆபத்து

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மகிழம்பட்டையைப் பல், ஈறு நோய்களுக்குப் பயன்படுத்துகின்றன. பட்டையைக் கொதிக்கவைத்த நீரால் வாய் கொப்பளிப்பது, பொடியால் பல் துலக்குவது, ஆடும் பல்லுக்கு முற்றாத காயை மெல்வது, குச்சியைப் பல்குச்சியாக்குவது ஆகியவை பழைய முறைகள். இதற்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. பட்டையில் துவர்ப்புப் பொருளான டானின் நிறைய உண்டு. அது வாயின் மென்தோலை இறுக்கும், ஈறிலிருந்து கசியும் இரத்தத்தைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும். பாக்கை மென்றால் வாய் இழுப்பதும் இதே வேலைதான்.

ஆனால் ஈறில் இரத்தம் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லடியில் படிந்து இறுகிய காரை. துவர்ப்பு அதைக் கரைக்காது. சொத்தைக்குள் சேர்ந்த சீழையும் அது எடுக்காது. பட்டைத் தண்ணீரால் வலி அடங்கியது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் பல்லை இழக்க நேரும். அரசாங்கப் பல் மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் சுத்தம் செய்துகொண்டு, அதற்குத் துணையாகக் கொப்பளிப்பதாக இருந்தால் அது வேறு. மேலும், சாலையோர மரத்தின் பட்டையில் லாரிப் புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கின்றன. மருந்துக்கு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதே முறை.

மரத்துக்கு வரும் ஆபத்து இன்னும் பெரியது. பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லச் சீவுவார்கள். கத்தி உள்கட்டையைத் தொடக் கூடாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய உயிருள்ள படலம் இருக்கிறது, புதுப் பட்டையும் புதுக் கட்டையும் உண்டாவது அதிலிருந்துதான். அதைக் காப்பாற்றினால் பட்டை மறுபடி வளரும், அந்த இடத்திலேயே சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டலாம். கத்தி தவறிப் படலம் சிதைந்தால் அந்த இடம் கட்டிதட்டிப் பாழாகும். நல்ல கைக்கும் மோசமான கைக்கும் வித்தியாசம் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

மருந்துக்குப் பட்டை எடுப்பவர்கள் இந்தப் படலத்தோடு சேர்த்து உரித்துவிடுகிறார்கள். சாலையோர மகிழமரம் ஒன்றின் காயத்தை அருகில் பார்த்தால் இது தெரியும். உரித்த இடம் கட்டை தெரிய வெளிறிக் காய்ந்திருக்கும். விளிம்பில் மட்டும் மரம் உதடுபோல் புதுப் பட்டையைத் தள்ளி மூட முயன்றுகொண்டிருக்கும். ஒரு பக்கம் உரித்தால் மரம் தாங்கிக்கொள்ளும். பலரும் வந்து நாலாபக்கமும் உரித்துக் காயங்கள் ஒரு வளையமாகச் சேர்ந்துவிட்டால், இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்க வழி இல்லை. வேர் பட்டினி கிடக்கும். இலை சில மாதங்கள் பச்சையாகவே இருக்கும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் மரம் நின்றபடியே காயத் தொடங்கும். 'நல்லா இருந்த மரம் திடீரென்று பட்டுப்போனது' என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை.

நகரத்துக்கு ஏன் இது நல்ல மரம்

2021 ஜனவரியில் அரசாங்கம் பத்துக் கோடி மரங்கள் நடும் இயக்கத்தை அறிவித்த பிறகு, பள்ளிகளும் கோயில்களும் அமைப்புகளும் கன்று கேட்டு வரிசையில் நின்றன. எந்தக் கன்று, எந்த இடத்துக்கு என்ற சிந்தனை பல நேரம் பின்னால் போய்விட்டது. அங்சானா மரம் சீக்கிரம் வளரும், ஆனால் புயல்மழையில் கிளை முறியும். தூங்குமூஞ்சி மரத்தின் அழகைத் தைப்பிங் ஏரிப் பூங்காவில் பார்க்கலாம். அதற்கு ஒரு ஏரிக்கரை வேண்டும், கடைவரிசை போதாது.

மகிழமரம் நகரச் சாலையில் பொதுவாகப் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நின்றுவிடும். தலை அடர்த்தியாக, தானாகவே உருண்டை வடிவம் பெறும். கட்டை வலுவானது என்பதால் காற்றுக்குச் சுலபமாக முறியாது. அடர்ந்த இலைகள் சாலைத் தூசியைப் பிடித்துவைப்பதால் இந்திய நகரங்களில் போக்குவரத்து மிகுந்த சாலைகளில் இதை நடுகிறார்கள். குறை என்று பார்த்தால் இரண்டு: வளர்ச்சி மெதுவானது, நட்ட கை நிழலை அனுபவிக்க ஆண்டுகள் ஆகும். பழக்காலத்தில் தரை கொஞ்சம் கறைபடும், காலையில் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு துடைப்பத்தால் தீரும் தொல்லைக்கு மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கூப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேர், சிமெண்ட், தலைவெட்டு

மகிழத்தின் வேர் ஆலினத்து வேர்போல் சுவருக்குள் நுழைந்து பிளக்கும் இயல்புடையதல்ல. இருந்தும் சில இடங்களில் நடைபாதை தூக்கப்படுகிறது. காரணம் நாம் செய்யும் வேலைகளில் இருக்கிறது.

அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் போட்டு, மேலே ஓடு பதித்து, பெஞ்சும் கட்டிவிடுகிறோம். வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும். மேலே மூடிவிட்டால், சிமெண்டுக்கும் மண்ணுக்கும் இடையே ஈரமும் காற்றும் தங்கும் அந்த மெல்லிய இடைவெளியை நோக்கி வேர் வருகிறது. அங்கேயே பருத்து, பலகையைத் தூக்குகிறது. அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டருக்கு மண்ணைத் திறந்துவைத்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். புதிதாக மதில் கட்டுகிறவர்கள், வேரை வெட்டுவதைவிட அந்த இடத்தில் அடித்தளத்தை வேருக்கு மேல் ஒரு சிறு பாலம்போல் கட்டிக் கடந்துபோகலாம். நல்ல கொத்தனாருக்கு இது தெரிந்த வேலை.

அடுத்தது தலைவெட்டு. மின்கம்பியைத் தொடுகிறது, கடைப்பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று மரத்தின் உச்சியை மட்டமாக அறுத்துவிடுவார்கள். அதற்குப் பின் நடப்பது இதுதான்:

1. இலை பறிபோன மரம் பசியில் வெட்டுமுனையைச் சுற்றி ஏராளமான தளிர்களை அவசரமாகத் தள்ளும்.
2. அந்தத் தளிர்கள் பட்டையோடு மட்டுமே ஒட்டியவை, கட்டைக்குள் ஆழமாக ஊன்றியவை அல்ல. பருத்ததும் காற்றில் பிய்ந்து விழும்.
3. மட்டமாக வெட்டிய முனையில் மழைநீர் தங்கி அழுகல் உள்ளே இறங்கும்.
4. இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் முன்பைவிட அடர்ந்து, முன்பைவிட ஆபத்தானதாக நிற்கும். அப்போது 'மரம் ஆபத்து' என்று முழுவதும் வெட்டுவார்கள்.

கழிக்க வேண்டிய கிளையை அது புறப்படும் இடத்திலேயே கழிக்க வேண்டும். கிளையின் அடியில் சற்றுத் தடித்த ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்துக்கு வெளியே அறுத்தால் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். கழுத்தையும் சேர்த்து வழித்து அறுத்தாலும் கேடு, முழநீளம் விட்டு அறுத்தாலும் கேடு. பெரிய கிளையானால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்து எடையை இறக்கிவிட்டு, கடைசியில் கழுத்தருகே சுத்தமாக அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும்.

சட்டம் என்ன சொல்கிறது

'எங்கள் வளாகத்தில் இருக்கிறது, எங்கள் மரம்' என்ற நினைப்பில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் (சட்டம் 172) 1995இல் மரங்களுக்கென்று ஒரு தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் பொதுவாக நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தின் சாரம் வருமாறு:

1. ஒரு மரமோ மரக்கூட்டமோ சிறப்பானது என்று கருதினால், ஊராட்சித் திட்டமிடல் அதிகாரம் அதற்கு மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அதன் பிறகு அனுமதியின்றி அதை வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது.
2. அப்படி ஆணை எதுவும் இல்லாத மரமானாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால் அதை வெட்டுவதற்கு எழுத்துவழி அனுமதி வேண்டும்.
3. சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும்.
4. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

0.8 மீட்டர் சுற்றளவு என்பது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் குறுக்களவு. கோயில் வாசலில் பல்லாண்டுகளாக நிற்கும் மகிழமரங்கள் இந்த அளவைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். தையல்நாடா ஒன்று போதும், அளந்து எழுதிவைத்துக்கொள்ளலாம். சாலையோர மரத்தை அளப்பதற்கும் படம் எடுப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வெட்டுவதை எதிர்த்து எழுதுகிறவர்கள் உணர்ச்சியைக் கொட்டி எழுதும் கடிதத்தைவிட விவரம் நிறைந்த கடிதம் வேலை செய்யும். மரம் நிற்கும் இடம், அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு, ஏறத்தாழ உயரம், நோய் அல்லது அழுகல் இருக்கிறதா இல்லையா, எந்தக் கிளை எதை இடிக்கிறது, அந்தக் கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்பவற்றைக் குறிப்பிட்டு, நான்கு பக்கமிருந்தும் எடுத்த படங்களை இணைக்க வேண்டும். மலாயில் எழுதும்போது மரத்தின் பெயர் 'போக்கோக் தஞ்சோங்', கூடவே அறிவியல் பெயர். கோயில் தலவிருட்சமாக வழிபடப்படும் மரமானால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். பாதுகாப்பு ஆணை கேட்டு விண்ணப்பிக்க நினைக்கும் கோயில் நிர்வாகம், சாலை வேலை தொடங்கும் வரை காத்திருக்காமல் மரம் நலமாக இருக்கும்போதே கேட்பது நல்லது.

புதிதாக நடுகிறவர்களுக்கு

பழுத்து விழுந்த பழத்தின் சதையை நன்றாகக் கழுவி நீக்கிவிட்டு விதையை உடனே ஊன்ற வேண்டும். முளைக்க வாரக்கணக்கில் ஆகும், இடையில் தோண்டிப் பார்த்தால் கெட்டுவிடும். நாற்று முழங்கால் உயரம் வரும் வரை பகுதி நிழலில் வைத்திருந்து, மழை நன்றாகப் பிடிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிலத்துக்கு மாற்றலாம். கட்டடத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, மின்கம்பிக்கு நேர்கீழே இல்லாமல் நடுவது முக்கியம். தலைவெட்டு என்ற தண்டனைக்கே இடமில்லாமல் போகும். கன்றைக் கம்போடு கட்டும் கயிற்றை ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு அடிப்பட்டையைச் சீவாதபடி, கன்றைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லைக் கையால் களைந்து மூடாக்குப் போட வேண்டும். ஆண்டுதோறும் நட்ட கன்றுகள் சாவது பெரும்பாலும் வறட்சியால் என்று நினைக்கிறோம். குனிந்து அடிமரத்தைப் பார்த்தால் பல கன்றுகளில் நைலான் கயிறு சுற்றிவந்து சீவிய வளையம் தெரியும்.